லிங்க்ட்இன், கிட்ஹப், ரெஸ்யூமே: ஓசூர் பக்கம் வேலை தேடும் இறுதியாண்டு மாணவர் எதை முதலில் சரி செய்ய வேண்டும்?

பாலக்கோடு_இசிஇ கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். தர்மபுரி மாவட்டத்தில் பி.இ. இசிஇ (எலக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன்) இறுதியாண்டு படிக்கிறேன். ஓசூர், சூளகிரி, போச்சம்பள்ளி பக்கம் உள்ள கம்பெனிகளில் எம்பெடெட் (கருவிகளுக்குள் ஓடும் நிரல் எழுதுவது) அல்லது டெஸ்டிங் வேலைக்கு முயற்சி செய்யப் போகிறேன். பெங்களூருவில் கிடைத்தாலும் சரி.

கையில் இருப்பது இவ்வளவுதான். லிங்க்ட்இன் கணக்கில் கல்லூரிப் பெயரைத் தவிர வேறொன்றும் இல்லை. நிரல்களைப் போட்டு வைக்கும் கிட்ஹப் தளத்தில் கணக்கு திறந்தபடி காலியாகக் கிடக்கிறது. ரெஸ்யூமே கேன்வாவில் செய்தது. என்பிடெல் இணையப் பாடங்கள், அரசின் நான் முதல்வன் திட்டம் எல்லாம் சேர்த்து ஏழு சான்றிதழ்கள். உருப்படியான ப்ராஜெக்ட் ஒன்றே ஒன்று: தக்காளித் தோட்டத்தில் மண் ஈரத்தைப் பார்த்து சொட்டுநீர் மோட்டாரை ஓட்டி நிறுத்தும் இஎஸ்பி32 (வைஃபை உள்ள சிறு கட்டுப்பாட்டுச் சிப்) போர்டு.

மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல் மட்டும்தான் இருக்கிறது, லிங்க்ட்இன் கடைசிப் பெயர் கேட்கிறது. அதில் என்ன போடுவது? ஒரே ப்ராஜெக்டை வைத்து என்ன காட்ட முடியும்? சான்றிதழ்களை ஸ்கேன் செய்து போஸ்ட் போடலாமா? சொந்தமாக வெப்சைட் அவசியமா? என்னோடு அறையில் இருக்கும் இருவரும் கேட்கச் சொன்னார்கள். ஒருவர் கிருஷ்ணகிரியில் பி.காம்., இன்னொருவர் டிப்ளமோ மெக்கானிக்கல்.

---

ஓசூர்_ரெக்ரூட்டர்:

தம்பி, பெயரிலிருந்தே ஆரம்பிக்கலாம். சான்றிதழ் சரிபார்ப்பில் முதலில் இடிப்பது அதுதான்.

மதிப்பெண் சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டல்தான் அடிப்படை. பெயர் முருகன், அப்பா பெயர் சின்னசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பெயர்க் கட்டத்தில் முருகன், கடைசிப் பெயர்க் கட்டத்தில் இனிஷியலின் ஒற்றை ஆங்கில எழுத்து. புள்ளி வேண்டாம். இனிஷியலை விரித்து முழுப் பெயராக எழுதினாலும் தவறில்லை, பாஸ்போர்ட்டுக்கு எப்படியும் விரிக்கத்தான் போகிறீர்கள். இரண்டில் எதை எடுத்தாலும் ரெஸ்யூமே, லிங்க்ட்இன், நௌக்ரி வேலைத்தளம், கிட்ஹப், மெயில் எல்லாவற்றிலும் அதே வடிவம் இருக்கட்டும். ரெஸ்யூமேயில் ஒரு பெயர், லிங்க்ட்இன்னில் வேறு பெயர் என்றிருந்தால் தேடுபவர் இரண்டு வெவ்வேறு ஆட்கள் என்று நினைத்து நகர்ந்துவிடுவார். பெண் பிள்ளைகளுக்கும் இதையே சொல்கிறேன்: திருமணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறினாலும் பட்டத்தில் உள்ள பெயரே ப்ரொஃபைலில் நிற்கட்டும்.

அடுத்து லிங்க்ட்இன் முகவரி. கணக்கு திறந்ததும் உங்கள் பெயருக்குப் பின்னால் எண்ணும் எழுத்துமாக ஒரு வால் ஒட்டிக்கொண்டிருக்கும். ப்ரொஃபைல் பக்கத்தின் வலது ஓரத்தில் 'பப்ளிக் ப்ரொஃபைல் அண்ட் யுஆர்எல்' என்ற இடத்தில் பென்சில் குறியைத் தட்டி மாற்றிவிடலாம். 3 முதல் 100 எழுத்து வரை போகும், இடைவெளியும் சிறப்புக் குறிகளும் ஏற்காது. வெறும் பெயர் கிடைக்காவிட்டால் பிறந்த ஆண்டைச் சேர்க்காதீர்கள், துறையைச் சேருங்கள். ரெஸ்யூமே அச்சடிக்கும் முன்பே இதை முடித்துவிடுங்கள். பிறகு மாற்றினால் அச்சடித்த தாளில் இருப்பது பழைய முகவரி ஆகிவிடும்.

தலைப்பு வரி 220 எழுத்து வரை கொள்ளும். அதில் 'வாய்ப்புகளைத் தேடும் ஆர்வமுள்ள மாணவர்' என்று எழுதுவது இடத்தை வீணாக்குவது. ஆர்வம் என்ற சொல்லை யாரும் தேடுபெட்டியில் அடிப்பதில்லை. எம்பெடெட் சி, இஎஸ்பி32, பிசிபி (சர்க்யூட் போர்டு), கைகேட் (அதை வரையும் மென்பொருள்) என்றுதான் அடிப்பார்கள். உங்களுக்கு இப்படி இருக்கலாம்: இசிஇ இறுதியாண்டு, எம்பெடெட் சி, இஎஸ்பி32, சென்சார் அளவுத்திருத்தம், ஓசூர் மற்றும் பெங்களூருவுக்கு வரத் தயார். இதை ஆங்கிலத்தில் எழுதுங்கள். நேர்காணலில் பத்து நிமிடம் பேச முடியாத ஒரு சொல்லும் அதில் இருக்கக்கூடாது.

'அபவுட்' பகுதிக்கு 2,600 எழுத்து இடம் உண்டு. ஆனால் கண்ணில் படுவது முதல் மூன்று நான்கு வரிதான், மீதி 'மேலும் பார்' என்பதற்குள் மறைந்துவிடும். குடும்பப் பின்னணி, கனவு, பொன்மொழி எதுவும் அங்கே வேண்டாம். முதல் வரியிலேயே செய்த பொருள்: எந்த போர்டு, எந்த சென்சார், எத்தனை நாள் தோட்டத்தில் ஓடியது.

கல்விப் பகுதியில் கல்லூரிப் பெயரை முழுக்க நீங்களே தட்டச்சு செய்துவிடாதீர்கள். இரண்டு மூன்று எழுத்து அடித்ததும் கீழே விரியும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுங்கள். அப்படி எடுத்தால்தான் லோகோ வரும், கல்லூரிப் பக்கத்தின் 'அலும்னி' (முன்னாள் மாணவர்) பட்டியலிலும் நீங்கள் சேர்வீர்கள். அந்தப் பட்டியலைத்தான் நம் பிள்ளைகள் பயன்படுத்துவதே இல்லை. கல்லூரிப் பக்கத்தைத் திறந்து அலும்னி பகுதிக்குப் போய் ஊர், வேலை பார்க்கும் கம்பெனி, துறை என்று வடிகட்டிப் பாருங்கள். பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியானாலும் செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரியானாலும், உங்கள் சீனியர்கள் எந்தெந்தக் கம்பெனியில் என்ன பதவியில் இருக்கிறார்கள் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எந்தக் கம்பெனி உங்கள் கல்லூரி ஆட்களை எடுக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான வழி இல்லை.

அவர்களுக்கு இணைப்பு அனுப்பும்போது குறிப்பு எழுதுங்கள். இலவசக் கணக்கில் மாதத்துக்கு மிகச் சில குறிப்புகள்தான் அனுமதி, கண்டவர்களுக்கு அனுப்பித் தீர்த்துவிட வேண்டாம். 'சார், ரெஃபர் பண்ணுங்க' என்ற ஒற்றை வரிக்குப் பதில் வராது. பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள்: 'நான் அதே கல்லூரி இசிஇ 2026 பேட்ச். உங்கள் டெஸ்டிங் பிரிவில் புதிதாகச் சேர்பவர்களிடம் ஆசிலோஸ்கோப் கையாளத் தெரியுமா என்று பார்ப்பார்களா, இல்லை சி நிரல்தான் முக்கியமா?' இதற்கு அரை நிமிடத்தில் பதில் அடித்துவிடலாம். பேச்சு தொடர்ந்தால் ரெஃபரலைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

'ஓப்பன் டு ஒர்க்' அமைப்பில் வேலைப் பெயர் ஐந்து வரை கொடுக்கலாம், ஊர்களும் ஒன்றுக்கு மேல் சேர்க்கலாம். ஓசூர், கிருஷ்ணகிரி, பெங்களூரு மூன்றையும் சேருங்கள். ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கி.மீ. தூரம்தான், ஆனால் தேடுபவரின் திரையில் இரண்டும் வேறு மாநிலம், வேறு ஊர். உங்கள் சொந்த இருப்பிடத்தைப் பொய்யாக மாற்ற வேண்டாம், தர்மபுரி என்றே இருக்கட்டும்.

புகைப்படத்துக்கு ஸ்டுடியோ போக வேண்டியதில்லை. பகலில் ஜன்னலைப் பார்த்து நில்லுங்கள், பின்னால் வெறும் சுவர், போனின் பின்பக்கக் கேமராவைக் கண் உயரத்தில் வைத்து ஒருவர் எடுக்கட்டும். ஜன்னல் முதுகுப் பக்கம் இருந்தால் முகம் இருண்டுவிடும். கல்யாண வீட்டுப் படத்தில் பக்கத்தில் நிற்பவரை வெட்டிவிட்டுப் போடுவது வேண்டாம், தோளில் இருக்கும் கை தெரியும்.

---

காரிமங்கலம்_ஃபர்ம்வேர்:

ஒரே ப்ராஜெக்ட் தாராளமாகப் போதும். ஏழு ரெப்போவில் (கிட்ஹப்பில் ஒரு ப்ராஜெக்டுக்கான கோப்புறை) யூடியூப் பாடத்தை அப்படியே நகல் எடுத்து வைத்திருப்பதைவிட, தோட்டத்தில் உண்மையாக ஓடிய ஒன்று மேல். ஆனால் கிட்ஹப்பில் வெறும் நிரலை மட்டும் ஏற்றினால் யாரும் படிக்கமாட்டார்கள். அவர்கள் படிப்பது ரெப்போவைத் திறந்ததும் தெரியும் விளக்கக் கோப்பான ரீட்மியைத்தான். அதில் என்ன எழுதுவது என்பதை உங்கள் போர்டை வைத்தே சொல்கிறேன்.

முதலில் இரண்டு வரியில் பிரச்சினை: என்ன பயிர், எவ்வளவு நிலம், இப்போது மோட்டாரை யார் எப்போது போடுகிறார்கள். பாலக்கோடு, ராயக்கோட்டை தக்காளி எல்லோருக்கும் தெரிந்தது, அதனால் சொன்னதும் புரிந்துவிடும். பிறகு ஒரு வயரிங் படம். பேப்பரில் வரைந்து போட்டோ எடுத்தாலும் சரி, கைகேடில் வரைந்தால் இன்னும் நல்லது. பிறகு பாகங்களின் பட்டியல், எண்ணிக்கையோடும் வாங்கிய விலையோடும்.

அதன் பிறகு வருவதுதான் வேலை வாங்கித் தரும் பகுதி: எது கெட்டது, ஏன் கெட்டது. உங்கள் போர்டில் இவற்றில் ஏதாவது கட்டாயம் நடந்திருக்கும். மண் ஈர சென்சாரை இஎஸ்பி32இன் ஏடிசி2 பின்களில் (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் இரண்டு தொகுதிகளில் ஒன்று) இணைத்தால், வைஃபை ஓடும்போது அளவு வராது. ஏடிசி2ஐ வைஃபையும் பயன்படுத்துவதுதான் காரணம். ஜிபிஐஓ 32 முதல் 39 வரை உள்ள ஏடிசி1 பின்களுக்கு மாற்ற வேண்டும். கெபாசிட்டிவ் வகை மண் ஈர சென்சாரின் வெட்டிய ஓரங்கள் பூசப்படாமல் இருக்கும். அந்த வழியாக நீர் ஏறினால் சில வாரத்தில் அளவு தானாக நகரத் தொடங்கும். எபாக்ஸியோ நெயில் பாலிஷோ பூசி அடைக்க வேண்டும். ஐந்து வோல்ட் ரிலேவை வைத்து மூன்று ஃபேஸ் மோட்டாரை நேரடியாக ஓட்டக்கூடாது, ரிலே கான்டாக்டரின் (பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் சுவிட்ச்) காயிலை இயக்க வேண்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்க வேண்டும். இதில் எது உங்களுக்கு நேர்ந்ததோ அதை மட்டும் எழுதுங்கள். அறிகுறி, காரணம், திருத்தம் என்று மூன்று வரி. நேர்காணல் எடுப்பவர் அங்கிருந்துதான் கேள்வி கேட்பார், பதில் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும்.

அளவுத்திருத்தத்தை எண்ணோடு போடுங்கள். காற்றில் வைத்தபோது என்ன எண், தண்ணீரில் வைத்தபோது என்ன எண். இந்த வகை சென்சாரில் காய்ந்தால் எண் ஏறும், நனைந்தால் இறங்கும், பலர் நிரலில் தலைகீழாக எழுதிவிடுகிறார்கள். இன்னும் ஒரு படி போக முடிந்தால் தோட்டத்துச் செம்மண்ணில் ஐந்தாறு மாதிரி எடுத்து எடை போட்டு, கல்லூரி ஆய்வகத்தின் ஓவனில் 105 டிகிரியில் 24 மணி நேரம் காயவைத்து மறுபடி எடை பாருங்கள். குறைந்த எடையைக் காய்ந்த மண்ணின் எடையால் வகுத்தால் உண்மையான ஈர விழுக்காடு கிடைக்கும். அதை சென்சார் எண்ணோடு ஒரே வரைபடத்தில் போட்டுவிட்டால், அந்த ஒரு படம் உங்கள் ஏழு சான்றிதழையும் தாண்டிப் பேசும்.

ஏற்றும் முன் இதைப் பாருங்கள்: நிரலின் முதல் பத்து வரியில் வீட்டு வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இருக்கும். அதோடு பொது ரெப்போவில் போய்விட்டால் பிறகு அந்த வரியை அழித்தாலும் பழைய கமிட்டில் (முன்பு சேமித்த பதிவில்) அப்படியே நிற்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தனி ஹெடர் கோப்பில் எழுதி, அந்தக் கோப்பின் பெயரைக் கிட்இக்னோரில் (ஏற்றக்கூடாத கோப்புகளின் பட்டியல்) சேர்த்துவிட்டுப் பிறகு ஏற்றுங்கள். ஏற்கெனவே போய்விட்டதென்றால் வரலாற்றைத் துடைப்பதில் நேரம் செலவழிப்பதற்கு முன் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஏபிஐ கீ, டெலிகிராம் பாட் டோக்கன் எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

உங்கள் பயனர்பெயரையே பெயராகக் கொண்டு ஒரு பொது ரெப்போ திறந்து அதில் ரீட்மி வைத்தால், அது உங்கள் கிட்ஹப் முகப்பில் தெரியும். நான்கு வரி போதும். நிறநிறமாகப் பட்டைகள், பார்வையாளர் எண்ணிக்கை, ஆடும் படங்கள் வேண்டாம். முகப்பில் ஆறு ரெப்போ வரை ஒட்டி வைக்கலாம், உங்களிடம் ஒன்றிருந்தால் ஒன்றை மட்டும் ஒட்டுங்கள்.

மாணவராக இருக்கும்போதே கிட்ஹப்பின் ஸ்டூடன்ட் டெவலப்பர் பேக்குக்கு விண்ணப்பியுங்கள். கல்லூரி மெயில் அல்லது மாணவர் என்பதற்கான ஆவணம் கேட்கும். படிப்பு முடிந்துவிட்டால் கிடைக்காது.

வெப்சைட் பற்றி: உங்கள் துறைக்கு அவசியமில்லை. வைக்க ஆசை என்றால் கிட்ஹப் பேஜஸில் காசில்லாமல் ஒரு பக்கம் வைக்கலாம். உங்கள் பயனர்பெயரோடு 'கிட்ஹப்.ஐஓ' சேர்ந்த பெயரில் ஒரு ரெப்போ, அதன் வெளி அடுக்கிலேயே இன்டெக்ஸ் கோப்பு, அவ்வளவுதான். டொமைன் வாங்குவதானால் முதல் வருட விலையைப் பார்க்காமல் புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள். புதுப்பிக்காமல் விட்டால் அந்தப் பெயரை வேறு யாராவது எடுத்து எதையாவது காட்டுவார்கள், உங்கள் ரெஸ்யூமேயில் அந்த இணைப்பு இருந்துகொண்டே இருக்கும்.

---

மலர்_கிருஷ்ணகிரி:

சான்றிதழ் ஸ்கேன் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. தம்பி, தயவுசெய்து போடாதீர்கள். மதிப்பெண் சான்றிதழில் பிறந்த தேதி, பதிவு எண், பெற்றோர் பெயர் எல்லாம் இருக்கும். ஆஃபர் லெட்டரும் அப்படித்தான், சம்பளம், ஊழியர் எண், ஹெச்ஆர் கையெழுத்து வரை தெரியும். போலி நியமனக் கடிதம் தயாரிப்பவர்களுக்கு அதுதான் மூலப்பிரதி. லிங்க்ட்இன்னில் சான்றிதழுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. பாடத்தின் பெயர், கொடுத்த நிறுவனம், மாதம், சரிபார்க்கும் இணைப்பு. என்பிடெல் சான்றிதழில் சரிபார்க்க வசதி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். ஏழையும் போடாதீர்கள். விண்ணப்பிக்கும் வேலைக்குத் தொடர்பான இரண்டு மூன்று போதும். மூன்று மணி நேர வெபினார் சான்றிதழைக் கண்டால் மற்றவற்றின் மதிப்பும் குறையும்.

பொதுவில் வைக்கும் ரெஸ்யூமேயில் வீட்டு முகவரி, அப்பா பெயர், பிறந்த தேதி, திருமண நிலை, போன் நம்பர் வேண்டாம். ஊர் பெயரும் மெயிலும் போதும். நேரடியாக விண்ணப்பிக்கும் பிரதியில் மட்டும் போன் நம்பர் இருக்கட்டும். குறிப்பாகப் பெண்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும், ரெஸ்யூமே எந்த வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும் என்று நம் கையில் இல்லை.

நௌக்ரியில் ப்ரொஃபைல் போட்டதும் அழைப்பு வரத் தொடங்கும். ஓசூரில் பெரிய கம்பெனி, உடனே சேரலாம், பதிவுக் கட்டணம், யூனிஃபார்ம் டெபாசிட், பயிற்சிக் கட்டணம் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அது மோசடி. கம்பெனியின் பெயரோடு பொது மெயில் முகவரியிலிருந்து வரும் கடிதத்தையும் நம்ப வேண்டாம். கம்பெனியின் சொந்த வலைத்தளத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் அந்தப் பணியிடம் இருக்கிறதா என்று பாருங்கள். பணம் போய்விட்டால் தயங்காமல் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

உங்கள் பி.காம். நண்பருக்கு வருகிறேன். கணக்குத் துறையில் கிட்ஹப் கிடையாது, ஆனால் காட்டக்கூடிய வேலை உண்டு. டாலி ப்ரைம் என்ற கணக்கு மென்பொருளை எஜுகேஷனல் மோடில் இலவசமாக ஓட்டலாம். அதில் மாதத்தின் 1, 2 தேதிகளிலும் கடைசி நாளிலும் மட்டும்தான் பதிவு போட முடியும், 'தேதி ஏற்கவில்லை' என்று பலர் குழம்புவது இதனால்தான். ஒரு கற்பனை மாங்கூழ் ஆலையோ தக்காளி மண்டியோ எடுத்துக்கொண்டு ஒரு மாதத்துக்கான 40, 50 வவுச்சர் போடுங்கள்: கொள்முதல், விற்பனை, கூலி, லாரி வாடகை, டிடிஎஸ். பிறகு கொள்முதல் பதிவேட்டையும் மாதிரி ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலையும் (சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்கள்) எக்செலில் பொருத்திப் பாருங்கள். எந்த பில் இங்கே இருக்கிறது அங்கே இல்லை, ஏன், சப்ளையரிடம் என்ன கேட்க வேண்டும் என்று ஒரு பத்தியில் எழுதுங்கள். சிறு கம்பெனிகளில் கணக்காளர் மாதாமாதம் மண்டையை உடைத்துக்கொள்வது அந்த வேலையில்தான். 2பி 14ஆம் தேதி வரும், மாத வரிக் கணக்கான 3பி 20ஆம் தேதிக்குள் போக வேண்டும், நடுவில் இருப்பது ஆறு நாள். இதைச் செய்யத் தெரியும் என்று காட்டும் ஒரு எக்செல் கோப்பை லிங்க்ட்இன் 'ஃபீச்சர்ட்' பகுதியில் பிடிஎஃப் ஆக்கி வைக்கட்டும். மாமா கடை, சித்தப்பா மில் என்று நிஜக் கணக்கை எடுத்துப் போடவே கூடாது, ஜிஎஸ்டி எண் உட்பட எல்லாம் வெளியே போய்விடும்.

இ-வே பில் (சரக்கு கொண்டுசெல்வதற்கான மின்னணுச் சீட்டு) பற்றி எழுதினால் தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய் வரம்பு, மாநிலம் தாண்டினால் 50,000 என்பதைச் சரியாக எழுதச் சொல்லுங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து லாரி கர்நாடகத்துக்கும் போகும், ஆந்திரத்துக்கும் போகும், இங்கே வேலை கொடுப்பவர் முதலில் கேட்பது இதுதான்.

---

டூல்ரூம்_சிப்காட்:

டிப்ளமோ மெக்கானிக்கல் நண்பருக்குச் சுருக்கமா சொல்றேங்க.

வெப்சைட் எல்லாம் வேணாம். 6லிருந்து 8 பக்கத்துல ஒரு பிடிஎஃப், 5 எம்பிக்குள்ள. பக்கத்துக்கு ஒரு பார்ட். 3டி படம் மட்டும் போட்டா பத்தாது, டிராயிங் வேணும்: டாலரன்ஸ் (அளவு எவ்வளவு விலகலாம்), சர்ஃபேஸ் ஃபினிஷ், டேட்டம் (அளவு எடுக்கத் தொடங்குற முகம்) எல்லாத்தோடயும். எந்த மெஷின்ல எந்த வரிசையில ஓட்டுவீங்கன்னு நாலு வரி ப்ராசஸ். 'எல்லா அளவுக்கும் பிளஸ் ஆர் மைனஸ் 0.01' போட்டிருந்தா அதைப் பார்த்ததும் கடையில நின்னு வேலை செஞ்சதில்லன்னு தெரிஞ்சிடும். பேரிங் உட்காருற இடத்துக்கு டைட்டா, சும்மா இருக்கிற முகத்துக்கு லூஸா, ஏன்னு சொல்லத் தெரியணும். கிராப்கேட் தளத்துல 3டி மாடல் ஏத்தி வைக்கலாம், ஆனா சொந்தமா வரைஞ்சது மட்டும்.

இன்ப்ளான்ட் ட்ரெயினிங் போனப்ப கம்பெனிக்குள்ள எடுத்த போட்டோ, கம்பெனி டிராயிங், ஜிக் படம் எதையும் எங்கயும் போடக்கூடாது. லைன் பின்னாடி தெரியற மாதிரி செல்ஃபியும் சேர்த்துத்தான். அதைப் பார்க்கிற அடுத்த கம்பெனி, நாளைக்கு நம்மளதையும் போடுவான்னுதான் நினைக்கும்.

பிடிஎஃப்பை ட்ரைவ்ல வச்சு லிங்க் குடுத்தா, 'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்'னு மாத்தியிருக்கான்னு பாருங்க. மாத்தலைன்னா திறக்கிறவருக்கு 'அனுமதி கேளுங்க'ன்னு வரும், அவர் கேட்க மாட்டார், மூடிட்டுப் போயிடுவார். இன்காக்னிட்டோ விண்டோவில ஒரு தடவை நீங்களே திறந்து பாருங்க. காலேஜ் மெயில்ல இருக்கிற ட்ரைவ்ல வைக்க வேணாம், படிப்பு முடிஞ்சு அந்த மெயிலை நிறுத்திட்டா லிங்கும் போச்சு. லிங்க்ட்இன், கிட்ஹப் கணக்குக்கும் அதே கதைதான், சொந்த ஜிமெயிலை முதன்மையா மாத்திடுங்க.

அப்பறம், டிப்ளமோ, டிகிரி ரெண்டுக்கும் அப்ரண்டிஸ் இடம் என்ஏடிஎஸ்ங்கிற மத்திய அரசு போர்ட்டல் வழியா வரும். ஐடிஐ ஆளுங்களுக்கு வேற போர்ட்டல். அதுல ப்ரொஃபைல் பாதியில நின்னா கம்பெனி கண்ணுல படாது, கடைசிப் பக்கம் வரைக்கும் முடிங்க. தமிழ்நாடு அரசோட தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்துலயும் பதிவு பண்ணி வைங்க, முகாம் தேதி அங்க வரும்.

---

அரூர்_தமிழ்:

இடையில் புகுந்து கேட்கிறேன். எம்.ஏ. தமிழ் முடித்தவர்களுக்கு இதில் எதுவும் பொருந்துமா? மெய்ப்புப் பார்ப்பது, மொழிபெயர்ப்பு, உள்ளடக்க எழுத்து மாதிரியான வேலைகளைத் தேடுகிறேன்.

---

மலர்_கிருஷ்ணகிரி:

பொருந்தும். உங்களுக்கு விக்கிமூலம்தான் கிட்ஹப். தமிழ் விக்கிமூலத்தில் ஸ்கேன் செய்த பழைய நூல்கள் பக்கம் பக்கமாக மெய்ப்புக்குக் காத்திருக்கின்றன. கணக்கு திறந்து ஒரு நூலை எடுத்து 50 பக்கம் சரிபார்த்தால், எந்தப் பக்கத்தில் எந்த எழுத்தைத் திருத்தினீர்கள் என்பது உங்கள் பங்களிப்புப் பட்டியலில் தேதியோடு நிற்கும். அந்தப் பட்டியலின் இணைப்பைத்தான் ரெஸ்யூமேயில் கொடுக்க வேண்டும். 'மெய்ப்புப் பார்க்கத் தெரியும்' என்ற வரியைவிட அது மேல். தமிழ் விக்கிப்பீடியாவிலும் எழுதலாம், உங்களைப் பற்றி மட்டும் கட்டுரை தொடங்காதீர்கள், நீக்கிவிடுவார்கள்.

மொழிபெயர்ப்புக்கு மூன்று மாதிரி தயாராக வையுங்கள், ஒவ்வொன்றும் 300 சொல்: ஓர் அரசு அறிவிப்பு, ஒரு மருந்து அல்லது கருவியின் பயன்பாட்டுக் குறிப்பு, ஒரு செய்திக் கட்டுரை. மூலமும் தமிழும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.

எல்லாவற்றையும் யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள்தான் சிதறிக் கிடக்கும். உங்கள் பெயர் கூட தேடலில் வராது.

---

பாலக்கோடு_இசிஇ:

எல்லோருக்கும் மிக்க நன்றி. பெயர், முகவரி, தலைப்பு வரி மாற்றியாகிவிட்டது. அலும்னி பட்டியலில் ஓசூரில் மட்டும் நிறைய சீனியர்கள் இருக்கிறார்கள், இவ்வளவு பேர் என்று தெரியவே தெரியாது. ரீட்மி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏடிசி2 பிரச்சினை எங்களுக்கும் வந்தது, பின்னை மாற்றினோம், ஆனால் காரணம் இப்போதுதான் புரிந்தது.

மூன்று சிக்கல். ஒரு பக்கம் செய்து கிட்ஹப் பேஜஸில் ஏற்றினேன். என் லேப்டாப்பில் தெரியும் போர்டின் படம் அங்கே தெரியவில்லை. இரண்டாவது, பத்து நாளாக கமிட் செய்கிறேன், கிட்ஹப் முகப்பில் அதைக் காட்ட வேண்டிய பச்சைக் கட்டம் ஒன்றுகூட வரவில்லை. மூன்றாவது, கேன்வா ரெஸ்யூமேயை ஒரு போர்ட்டலில் ஏற்றினால் திறன்கள் எல்லாம் கல்லூரிப் பெயரோடு கலந்து வருகிறது.

---

காரிமங்கலம்_ஃபர்ம்வேர்:

படம்: அனேகமாகக் கோப்பின் பெயரில் பெரிய எழுத்து. சில போன் கேமராக்கள் கோப்புக்குக் கடைசியில் 'ஜேபிஜி' என்பதைப் பெரிய எழுத்தில் வைக்கும், பக்கத்தில் நீங்கள் சின்ன எழுத்தில் எழுதியிருப்பீர்கள். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று, கிட்ஹப் பேஜஸுக்கு வேறு வேறு. கோப்பின் பெயரைச் சின்ன எழுத்துக்கு மாற்றுங்கள். ஆனால் விண்டோஸில் பெரிய எழுத்தைச் சின்ன எழுத்தாக மட்டும் மாற்றினால் கிட் அதை மாற்றமாகவே எண்ணாமல் போகலாம். முதலில் வேறொரு பெயருக்கு மாற்றி கமிட் செய்து, பிறகு வேண்டிய பெயருக்கு மாற்றி இன்னொரு கமிட் செய்யுங்கள். பெயரில் இடைவெளி இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். படத்தின் பாதை உங்கள் 'சி' டிரைவிலிருந்து தொடங்குகிறதா என்றும் பாருங்கள், அப்படியானால் அது உங்கள் லேப்டாப்பில் மட்டும்தான் தெரியும்.

பச்சைக் கட்டம்: கிட் அமைப்பில் கொடுத்த மெயிலும் கிட்ஹப் கணக்கில் உள்ள மெயிலும் ஒன்றாக இல்லை. கமாண்ட் விண்டோவில் கிட் கான்ஃபிக்கில் 'யூசர்.ஈமெயில்' என்ன என்று கேட்டுப் பாருங்கள், கல்லூரி மெயில் இருக்கும். அதைக் கிட்ஹப் அமைப்பில் இரண்டாவது மெயிலாகச் சேர்த்து உறுதி செய்தால் பழைய கமிட்களும் கணக்கில் வந்துவிடும், ஒரு நாள் வரை ஆகலாம். இன்னொருவரின் ரெப்போவை ஃபோர்க் செய்து (உங்கள் கணக்குக்கு நகலெடுத்து) அதிலேயே கமிட் செய்திருந்தாலும், முதன்மைக் கிளையில் சேர்க்காமல் தனிக் கிளையில் வைத்திருந்தாலும் கட்டம் வராது. அதற்காகக் கட்டத்தை நிரப்ப தினமும் ஒரு புள்ளியை மாற்றி கமிட் செய்ய வேண்டாம், திறந்து பார்ப்பவருக்கு அது தெரியும்.

---

ஓசூர்_ரெக்ரூட்டர்:

ரெஸ்யூமேக்கு நான் சொல்கிறேன். பிடிஎஃப்பைத் திறந்து எல்லாவற்றையும் தேர்வு செய்து நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். அங்கே என்ன வரிசையில் வருகிறதோ அதைத்தான் போர்ட்டலும் படிக்கிறது. இரண்டு நெடுவரிசை வடிவமைப்பில் இடப்பக்கத்து வரியும் வலப்பக்கத்து வரியும் மாறி மாறிக் கலந்துவிடும், உங்களுக்கு நடந்தது அதுதான். எதையும் தேர்வு செய்யவே முடியாவிட்டால் அது படமாகச் சேமித்த பிடிஎஃப், போர்ட்டலுக்கு அது வெள்ளைத்தாள்.

வேர்டிலோ கூகுள் டாக்ஸிலோ ஒரே நெடுவரிசையில், ஒரே பக்கத்தில் மறுபடி செய்யுங்கள். பெயரும் மெயிலும் ஹெடரில் வேண்டாம், பக்கத்தின் உள்ளேயே இருக்கட்டும், சில மென்பொருள் ஹெடரைப் படிக்காது. 'சி மொழி 80 விழுக்காடு' என்று பட்டை வரையாதீர்கள், எதில் 80 என்று கேட்டால் பதில் இல்லை. கல்விக்கு அடுத்து ப்ராஜெக்ட், அதற்கு ஐந்து வரி, அதில் ஒரு வரி அந்த அளவுத்திருத்த எண். கோப்பின் பெயர் 'ரெஸ்யூமே ஃபைனல் நியூ 2' என்று இருக்கக்கூடாது, உங்கள் பெயர், துறை, ஆண்டு. ஒரே நாளில் நூறு கோப்பு இறக்குபவருக்கு உங்களுடையது எது என்று பெயரைப் பார்த்ததும் தெரிய வேண்டும்.

நௌக்ரியிலும் இதே கோப்பை ஏற்றுங்கள். தேடுபவர்கள் சமீபத்தில் உள்ளே வந்தவர்களை மட்டும் வடிகட்டிப் பார்ப்பது வழக்கம், அதனால் வாரத்துக்கு ஒரு முறையாவது உள்ளே போய் வாருங்கள்.

---

பாலக்கோடு_இசிஇ:

படம் வந்துவிட்டது, பெரிய எழுத்துதான் காரணம். மெயிலையும் சேர்த்துவிட்டேன். ரெஸ்யூமேயை நோட்பேடில் ஒட்டிப் பார்த்தால் என் பெயர் நடுவில் எங்கோ கிடக்கிறது, இன்றிரவே டாக்ஸில் மாற்றுகிறேன். ஓவன் சோதனைக்கு சிவில் ஆய்வகத்தில் கேட்டிருக்கிறேன், திங்கட்கிழமை மண் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். எவ்வளவு மண் எடுப்பது?

---

காரிமங்கலம்_ஃபர்ம்வேர்:

மாதிரிக்கு 100 கிராம் போல எடுங்கள், சென்சார் ஊன்றிய அதே ஆழத்திலிருந்து. எடுக்கும் முன் அந்த இடத்தின் சென்சார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் விட்ட உடனே ஒன்று, மறுநாள் ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று என்று எடுத்தால்தான் வரைபடத்தில் புள்ளிகள் பரவலாக விழும். எடுத்ததும் பாலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் பஸ்ஸில் கொண்டுபோவதற்குள் காய்ந்துவிடும். ஒவ்வொரு பையிலும் தேதி, நேரம், சென்சார் எண் எழுதிய சீட்டை வெளியே ஒட்டுங்கள், உள்ளே போட்டால் நனைந்து அழிந்துவிடும்.